தூத்துக்குடி – திப்ருகர்: நூல் பிடித்தால் 2,745 கிலோமீட்டர், டிக்கெட் போட்டால் ஒரு நாள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: "என் மாப்பிள்ளை பைப் ஃபிட்டர். மணலியில் தொழில் கற்றவர், இப்போது தூத்துக்குடியில் ஒரு காண்டிராக்ட் வேலையில் இருக்கிறார். அது முடிந்ததும் அசாமில் டிக்பாய் ரிஃபைனரிக்கு ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திவிட்டுச் செய்யும் பழுதுபார்ப்பு) கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஏர்போர்ட் திப்ருகராம். இரண்டு ஊர் பெயரையும் தட்டினால் ஒரு இடத்தில் 2,745 கிலோமீட்டர், 3 மணி 50 நிமிஷம் என்று வருகிறது. டிக்கெட் தேடினால் 11 மணி நேரம், 14 மணி நேரம், ஒன்றில் 26 மணி நேரம்கூடக் காட்டுகிறது. எது உண்மை? மகள் வேறு பயப்படுகிறாள்."

இரண்டுமே உண்மைதான் அண்ணே. முதல் கணக்கு, ஒரு விமானம் தூத்துக்குடியில் கிளம்பி எங்கும் நிற்காமல் திப்ருகரில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறது. அப்படி ஒரு விமானம் கிடையாது. இரண்டாவது கணக்கு, உங்கள் மாப்பிள்ளை நிஜமாக ஏறி இறங்கப் போகும் விமானங்களையும், நடுவில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடப் போகும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மகளிடம் சொல்லுங்கள்: வானத்தில் அவர் இருக்கப்போவது ஐந்து மணி நேரம் சொச்சம்தான். மிச்சமெல்லாம் தரையில்.

மண்ணடியில் ஒரு டிக்கெட் ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டினேன். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு கடை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் மாப்பிள்ளை மாதிரிதான்: ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், சாரம் கட்டுகிறவர்கள். ஜாம்நகர், பாராதீப், ஹால்தியா, டிக்பாய் என்று ஷட்டவுன் எங்கேயோ அங்கே. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். என் கடை மேஜையில் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டை இருக்கிறது. மகள் பத்தாவது முடித்ததும் பரணில் போடப்போனதை நான் எடுத்து வந்தேன். யாராவது தூரம் கேட்டால் காத்தாடி நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து (மாஞ்சா போடாத வெறும் நூல்தான்) இரண்டு ஊருக்கும் நடுவே விறைப்பாக இழுத்துப் பிடிப்பேன். விறைத்த நூல் எந்த வழியில் படிகிறதோ அதுதான் பூமியின் மேல் ஆகக் குறைந்த தூரம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது வராது. இந்த அளவு உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து திப்ருகருக்கு நூல் ஆறரை சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். பெருக்கிப் பாருங்கள், 2,745 பக்கத்தில் வந்து நிற்கும்.

நூலை நம்பாதவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில், வடக்கே 8.72 பாகை, கிழக்கே 78.03 பாகை. திப்ருகர் விமான நிலையம் மோகன்பாரியில், வடக்கே 27.48, கிழக்கே 95.02. வடக்குத் தெற்கு வித்தியாசம் 18.76 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 2,082. கிழக்கு மேற்கு வித்தியாசம் 16.99 பாகை, ஆனால் தீர்க்கக்கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குகின்றன அல்லவா, அதற்காக நடு அட்சரேகையின் கொசைன் 0.95-ஆல் பெருக்க வேண்டும். 1,793 வரும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 2,748. கோளத்துக்கான சரியான சூத்திரம் 2,745 என்கிறது. மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். விமானிகள் இதையே 1,482 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இனி நான் ரசிக்கிற இடம். அந்த நூல் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். வாகைக்குளத்தில் கிளம்பி, தொண்டி, அதிராம்பட்டினம் என்று கரையை ஒட்டியே வந்து, கிட்டத்தட்டத் திருவாரூர் தலைக்கு மேலாகப் போய், காரைக்கால் தாண்டிக் கடலில் இறங்குகிறது. அப்புறம் முழுக்க வங்காள விரிகுடா. சுந்தரவனத்தில் வங்கதேசத்துக் கரை ஏறி, மேகாலயா மலைகளின் ஓரமாக நுழைந்து, பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கின் மேல்கோடியில் போய் நிற்கிறது. இந்த நூலுக்கு இடது பக்கம் ஒரு நெல்மணி அகலம் தள்ளிச் சென்னை இருக்கிறது. நேர்கோட்டிலிருந்து சுமார் 113 கிலோமீட்டர். அதே இடது பக்கம், அதே நெல்மணி அகலம் தள்ளிக் கொல்கத்தா. சுமார் 128 கிலோமீட்டர். இத்தனை நீளக் கோட்டில் இதெல்லாம் ஒரு விலகலே இல்லை.

விளைவைக் கேளுங்கள். தூத்துக்குடி–சென்னை 529 கிலோமீட்டர். சென்னை–கொல்கத்தா 1,386. கொல்கத்தா–திப்ருகர் 852. மொத்தம் 2,767. அதாவது இரண்டு இடத்தில் இறங்கி ஏறிப் போனாலும் நேர்கோட்டை விட இருபத்திரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற தூரம்கூட இல்லை! நாலு ஊரும் ஏதோ ஒரே கயிற்றில் கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஆக, 11 மணி நேரம் காட்டும் டிக்கெட்டைப் பார்த்து "சுத்தி அடிக்கிறான்" என்று நினைக்க வேண்டாம். சுற்றவே இல்லை. காத்திருக்க வைக்கிறான், அவ்வளவுதான்.

சுற்றி அடிக்கிற டிக்கெட்டும் உண்டு. டெல்லி வழியாகக் காட்டும். சென்னை–டெல்லி 1,761 கிலோமீட்டர், டெல்லி–திப்ருகரும் அதே 1,761, தூத்துக்குடி–சென்னையைச் சேர்த்தால் 4,051. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்த வேலைக்கு 1,300 கிலோமீட்டர் தண்டம். ஆனால் சில நாள் அதுதான் மலிவாக வரும், சில நாள் அதில்தான் சீட்டு இருக்கும். தூரத்துக்கும் டிக்கெட் விலைக்கும் நேர் உறவு கிடையாது என்பதை இந்தத் தொழிலில் முதல் மாசமே கற்றுக்கொண்டேன்.

அடுத்தது அந்த 3 மணி 50 நிமிஷம். அதை யாரும் பறந்து பார்த்துச் சொல்லவில்லை, வகுத்துச் சொன்னது. ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று ஒரு சராசரி வேகம் வைத்து வகுத்து, ஏறி இறங்கும் நேரத்துக்காக அரை மணி சேர்ப்பார்கள். நீங்களும் செய்யலாம்: கிலோமீட்டரை 800-ஆல் வகு, அரை மணி கூட்டு. சென்னை–கொல்கத்தாவுக்கு இந்த முறையில் 2 மணி 15 நிமிஷம் வரும். அட்டவணையிலும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். ஆனால் தூத்துக்குடி–சென்னைக்கு இதைப் போட்டால் ஏமாறுவீர்கள். அந்தத் தடத்தில் வெகுகாலமாக ஓடுவது ஏ.டி.ஆர். 72, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். அதனால் 529 கிலோமீட்டருக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஜெட்டில் போனால் ஒரு மணி சொச்சம். என்னைக் கேட்டால் ஏ.டி.ஆர். பயணம்தான் சுகம். தாழப் பறக்கும், பகலில் ஜன்னலோரம் கிடைத்தால் உப்பளம் பாத்தி பாத்தியாக வெள்ளையாகத் தெரியும். தலைக்கு மேலே பை வைக்கும் தட்டு மட்டும் சின்னது, பெரிய பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினால் பணிப்பெண்ணிடம் பேச்சு வாங்க வேண்டும்.

அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நாலு விமானம் வரிசையில் நிற்பது, கொல்கத்தா மேலே வட்டமடிப்பது எல்லாம் அதில் அடங்கும். நேர்கோட்டிலும் பறக்க மாட்டார்கள். வானத்தில் பெயர் வைத்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவையும் யோசித்துக் கம்பெனிக்காரர்கள் பத்து இருபது நிமிஷம் கூட்டியே போடுவார்கள். அதனால்தான் சில நாள் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சொன்ன நேரத்துக்கு இறங்கி, விமானி ஒலிபெருக்கியில் பெருமையடித்துக்கொள்வார்.

காற்றையும் மறக்கக்கூடாது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு மாதிரி ஓடும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகமெல்லாம் அதற்குச் சாதாரணம். டெல்லி–திப்ருகரை எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட நேர் கிழக்கு. மணிக்கு 830-ல் பறக்கிற விமானத்தைப் பின்னாலிருந்து 150 தள்ளினால் 980 ஆகிறது, 1,761 கிலோமீட்டரை 1 மணி 48 நிமிஷத்தில் தாண்டிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். 680, அதே தூரத்துக்கு 2 மணி 35 நிமிஷம். போக வர முக்கால் மணி வித்தியாசம். "போகும்போது சீக்கிரம் போனோம், வரும்போது உருட்டிட்டான்" என்று கடையில் வந்து சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

நம் பக்கம் கதை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னை அட்சரேகையை ஒட்டி மேலே காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1950களில் அடையாளம் காட்டியவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். அதன் வீச்சு 14, 15 கிலோமீட்டர் உயரத்தில்தான் முழுசாக இருக்கும். பயணிகள் விமானம் அதற்குக் கீழே பறப்பதால் ஓரளவுதான் உறைக்கும். தூத்துக்குடி–திப்ருகர் கோடு வடகிழக்காகச் சாய்ந்து போவதால் எந்தக் காற்றும் முழுதாக உதவவும் செய்யாது, முழுதாக மறிக்கவும் செய்யாது.

சரி, நேர் விமானம் ஏன் இல்லை? விமானத்தால் முடியாதது இல்லை. ஏர்பஸ் 320 இதைப் போல இரண்டு மடங்கு தூரம் நிற்காமல் போகும். முன்பு தூத்துக்குடியில் ஓடுபாதை 1,350 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க வழியில்லை. இப்போது அதை 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டிவிட்டார்கள். புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாகிவிட்டது. ஆக, பாதை இருக்கிறது, விமானம் இருக்கிறது. ஆள்தான் இல்லை. 180 சீட்டு விமானம் ஒன்றைத் தினமும் நிரப்ப, தினம் 180 பேர் தூத்துக்குடியிலிருந்து மேல் அசாமுக்குப் போக வேண்டும். உப்பும் மீனும் ஒரு பக்கம், தேயிலையும் எண்ணெயும் ஒரு பக்கம்; சரக்கு லாரியிலும் கப்பலிலும் போய்விடும், ஆள் போக்குவரத்து எங்கே இருக்கிறது? அதனால் சின்ன ஊர் ஆட்களையெல்லாம் சென்னை, கொல்கத்தா மாதிரிப் பெரிய ஊரில் கொண்டுவந்து கொட்டி, அங்கிருந்து பிரித்து அனுப்புகிறார்கள். ரயிலுக்கு நம் பேசின் பிரிட்ஜ் ஜங்ஷன் செய்கிற வேலைதான், கொஞ்சம் உயரத்தில்.

ரயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் இந்தியாவிலேயே மிக நீளமான தூரம் ஓடும் ரயில். 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளைத் தாண்டும். விமானத் தூரத்தை விட இவ்வளவு கூடக் காரணம், ஒன்று அது கேரளா வழியாகச் சுற்றுவது, இன்னொன்று வங்கதேசம். தண்டவாளம் வங்கதேசத்தைச் சுற்றி, சிலிகுரிப் பக்கம் இருபது சொச்சம் கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த ஒடுங்கிய கழுத்து வழியாகத்தான் அசாமுக்குள் நுழைய முடியும். விமானம் வங்கதேச வான்வெளியில் பணம் கட்டிவிட்டு நேரே கடந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு மூன்று நாள் சம்பளம் கணக்குப் பார்த்தால் விமானமே கட்டும்.

நேர நிர்ணயத்துக்கு வருவோம். தூத்துக்குடி–சென்னை ஒன்றரை மணி, சென்னை–கொல்கத்தா இரண்டு இருபது, கொல்கத்தா–திப்ருகர் ஒன்றரை. கூட்டினால் 5 மணி 20 நிமிஷம். ஒவ்வொரு மாறுதலுக்கும் குறைந்தது இரண்டு மணி வையுங்கள், ஒன்பது இருபது ஆகிவிட்டது. திப்ருகருக்கு நாள் முழுக்கப் பஸ் மாதிரி விமானம் கிடையாது. கொல்கத்தாவில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது பல மணி நேரம் கழித்துத்தான், சில சமயம் மறுநாள்தான். அதனால்தான் தேடலில் 11, 14, 26 என்று ஏறிக்கொண்டே போகிறது. அட்டவணை வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். போன வருஷம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன நேரத்தை வைத்துக்கொண்டு டிக்கெட் கேட்காதீர்கள்.

இந்த இடத்தில் என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை ஒன்று. சில வருஷங்களுக்கு முன்னால் கொருக்குப்பேட்டையிலிருந்து மூன்று வெல்டர்கள் இதே திப்ருகருக்குக் கேட்டார்கள். ஒரே பதிவில் போட்டால் ஆளுக்கு ஆயிரத்து சொச்சம் கூட வந்தது. நான் கெட்டிக்காரத்தனமாகச் சென்னை–கொல்கத்தா ஒரு கம்பெனியிலும், கொல்கத்தா–திப்ருகர் வேறு கம்பெனியிலும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டேன். நடுவில் ஒன்றேகால் மணி. "போதும்பா, இறங்கி ஏற வேண்டியதுதானே" என்றும் சொன்னேன். முதல் விமானம் ஐம்பது நிமிஷம் தாமதம். தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டியை அங்கே பெல்ட்டில் எடுத்து, வெளியே வந்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கவுண்டரை மூடிவிடுவார்கள். இவர்கள் போய் நின்றபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கையை மட்டும் ஆட்டினாளாம். இரண்டாவது கம்பெனிக்கு முதல் கம்பெனியின் தாமதம் ஒரு சமாதானமே இல்லை; சட்டப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம். மூன்று பேரும் ராத்திரி முழுக்க விமான நிலையத் தரையில் படுத்திருந்து மறுநாள் போனார்கள். புது டிக்கெட் காசு என் கல்லாவிலிருந்து போனது. அதில் ஒருவர் இன்னும் கடைக்கு வருகிறார். வரும்போதெல்லாம் "அண்ணே, ஒன்றேகால் மணி" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

ஆகவே ஒரே பதிவு எண்ணில் மூன்று விமானமும் வருகிற மாதிரிப் போடுங்கள். பெட்டி தூத்துக்குடியில் போட்டால் திப்ருகரில் வந்துவிடும். நடுவில் ஒன்று தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியில் சீட்டு ஒட்டும்போது அதில் "டி.ஐ.பி." (DIB) என்று இருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் திப்ருகரின் குறி. தூத்துக்குடியின் குறி "டி.சி.ஆர்." (TCR). "டி.ஐ.ஆர்." (TIR) என்று போட்டுவிட்டுத் திருப்பதி டிக்கெட்டோடு வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு வழி. மாப்பிள்ளை எப்படியும் சென்னையில் இறங்கத்தான் வேண்டும். விமான நிலையத்தில் நாலைந்து மணி நேரம் நூற்றைம்பது ரூபாய்க் காபியைக் குடித்துக்கொண்டு உட்காருவதற்குப் பதில், மாலை விமானத்தில் தூத்துக்குடியிலிருந்து வரட்டும். மெட்ரோ விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை நீலத்தடத்தில் மாறாமல் வருகிறது. ஏறி உட்கார்ந்தால் தண்டையார்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். மெட்ரோ வருவதற்கு முன்னால் என்றால் திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்துப் பீச் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, ராயபுரம் தாண்டும்போதே சட்டை நனைந்திருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை. ஒரு ராத்திரி வீட்டில் தங்கி, மனைவி கையால் சாப்பிட்டு, மறுநாள் அதிகாலைக் கொல்கத்தா விமானத்தைப் பிடிக்கட்டும். நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி இருப்பதால் இந்த ஒரு இடத்தில் டிக்கெட்டைத் தனியாகப் பிரித்துப் போட்டாலும் ஆபத்தில்லை. கொல்கத்தா–திப்ருகர் மட்டும் சென்னை–கொல்கத்தாவோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

அதிகாலை நாலு மணிக்கு மெட்ரோ இருக்காது, கால் டாக்ஸிதான். அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்தில் வரிசை கட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கால் மணி கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலைதான் என்று நான் அடம்பிடிக்க இன்னொரு காரணம் சூரியன். நாடு முழுக்க ஒரே கடிகாரம், அது 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். தூத்துக்குடி 78-ல், திப்ருகர் 95-ல். ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால், தூத்துக்குடியை விட அங்கே சூரியன் சராசரியாக 68 நிமிஷம் முன்னாடி உதிக்கிறது, முன்னாடியே மறைகிறது. வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலத்தில் பகலும் குறைவு. டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். தேயிலைத் தோட்டக்காரர்கள் இதற்காகவே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, "பாகான் நேரம்" என்று தனியாக வைத்திருக்கிறார்கள். மோகன்பாரியில் இறங்கினாலும் வேலை முடிந்துவிடவில்லை. டிக்பாய்க்குத் தின்சுகியா வழியாக இன்னும் சுமார் 70 கிலோமீட்டர் ரோட்டில் போக வேண்டும். நாலு மணிக்கு இறங்கினால் இருட்டில்தான் போக வேண்டியிருக்கும். மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. ஜனவரியில் காலை மூடுபனி வேறு உண்டு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

கொல்கத்தா விமானம் கிடைக்காத நாளில் கவுகாத்தியைப் பாருங்கள். தூத்துக்குடி–சென்னை–கவுகாத்தி–திப்ருகர் என்று கூட்டினாலும் 2,786 கிலோமீட்டர்தான், அதே கயிறு. சென்னையிலிருந்து கவுகாத்திக்கு நேராகவே போகலாம். அங்கிருந்து தின்சுகியாவுக்கு ஒரு ராத்திரி ரயில். பணம் மிச்சமாகும், உடம்பு வலிக்கும்.

மாப்பிள்ளை இறங்கப்போகும் மோகன்பாரியும் சாதாரண இடமில்லை, அதையும் சொல்லி அனுப்புங்கள். இரண்டாம் உலகப்போரில் இமயமலையின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு பறந்த 'ஹம்ப்' தடத்தின் தளங்களில் அதுவும் ஒன்று. டிக்பாய் ரிஃபைனரியோ 1901-லிருந்து ஓடுகிறது. நம் மணலி ரிஃபைனரியெல்லாம் அதற்குப் பேரன் முறை.

கடைசியாக மூட்டை. ஸ்பேனர், சுத்தியல், ரசமட்டம் எதையும் கைப்பையில் வைக்க வேண்டாம். எல்லாம் கவுண்டரில் போடும் பெட்டியில். அதற்குப் பொதுவாக 15 கிலோதான் இலவசம், இரும்புச் சாமான் சட்டென்று எடை ஏறும், வீட்டிலேயே தூக்கி நிறுத்துப் பாருங்கள். பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் பெட்டியையே இறக்கி வைத்துவிடுவார்கள். லைட்டர், தீப்பெட்டி இரண்டிலும் ஆகாது. வெல்டர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அத்தையார் காசிமேட்டுக் கருவாடு கட்டிக் கொடுக்காமல் விடமாட்டார் என்று தெரியும். வஞ்சிரமோ நெத்திலியோ, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து மூன்று சுற்று பிளாஸ்டிக் கவர் போட்டு, அதை ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்துப் பெட்டியின் நடுவில் துணிக்குள் புதைத்துவிடச் சொல்லுங்கள். கைப்பையில் மட்டும் வேண்டாம். ஏ.டி.ஆரில் எழுபது சொச்சம் பேர் ஒன்றரை மணி நேரம் ஒரே காற்றைத்தான் மூச்சு விடுகிறார்கள்.